ஈபி-1ஏ: நிறுவனத்தை நம்பாமல் நீங்களே கிரீன் கார்டுக்கு மனு போடுவது எப்படி

அமெரிக்க கிரீன் கார்டு என்றாலே எச்-1பி வேலை விசா, பெர்ம் (நிறுவனம் தொழிலாளர் துறையிடம் வாங்கும் லேபர் சான்று), நிறுவனத்து வக்கீல் என்ற பாதைதான் பலருக்கும் நினைவு வருகிறது. அந்தப் பாதையில் போகாமல் உங்கள் மனுவில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்ப ஒரு வழி உண்டு. அதுதான் ஈபி-1ஏ, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான கிரீன் கார்டு பிரிவு. அறிவியல், கலை, கல்வி, வணிகம், விளையாட்டு ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்றில், துறையின் உச்சத்தில் இருக்கும் சிலரில் நீங்களும் ஒருவர் என்று காட்ட வேண்டும். வேலை உத்தரவு கேட்கமாட்டார்கள், பெர்ம் கிடையாது. நடுவில் வேலை போனாலும் மனு உங்களோடு இருக்கும்.

"இதெல்லாம் நோபல் வாங்கினவங்களுக்கு" என்று தகுதி இருந்தும் ஒதுங்கிவிடுபவர்கள் நிறைய. "பத்தில் மூன்று இருந்தால் போதுமாமே" என்று ஒரே மாதத்தில் காகிதத்தைத் திரட்டி அனுப்பி, நிராகரிப்பு வாங்குபவர்களும் அதே அளவுக்கு உண்டு. நிதானமாகச் செய்தால் சான்று சேர்க்க மட்டும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வரிசையைப் பாருங்கள்

மனு ஒப்புதல் ஆவது வேறு, கிரீன் கார்டு கைக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் விசா எண் வேண்டும். அந்த எண் எப்போது கிடைக்கும் என்பதை வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டின் சொல்லும். அங்கே கணக்கு நீங்கள் பிறந்த நாட்டை வைத்து. இப்போது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்பது பொருட்டே இல்லை. கனடா குடியுரிமை வாங்கிவிட்டாலும் மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்பார்.

இந்திய வரிசை மெதுவானது. 2025 ஏப்ரல் முதல் நவம்பர் வரையான புல்லட்டின்களில் ஈபி-1 (ஈபி-1ஏ அடங்கிய முதல் பிரிவு) இந்தியாவின் இறுதித் தேதி 2022 பிப்ரவரி 15-ஐ விட்டு நகரவில்லை. அதற்கு முந்தைய பிரையாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) உள்ளவர்களுக்குத்தான் எண் கிடைத்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் பிறந்த தமிழர்களுக்கு அதே காலத்தில் ஈபி-1 'கரண்ட்'. அதாவது காத்திருப்பே இல்லை. கணவனோ மனைவியோ இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வெளியே பிறந்திருந்தால் அவருடைய பிறந்த நாட்டைக் காட்டி நீங்களும் அந்த வரிசைக்கு மாறலாம். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் பிறந்தவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: முன்பு ஏதாவது ஒரு நிறுவனம் உங்களுக்காக ஈபி-2 அல்லது ஈபி-3 (வேலை அடிப்படையிலான அடுத்த பிரிவுகள்) மனு போட்டு ஐ-140 (மனுப் படிவம்) ஒப்புதல் ஆகியிருந்தால், அந்தப் பழைய பிரையாரிட்டி டேட்டை ஈபி-1ஏ-வுக்குக் கொண்டுவரலாம். 2016-இல் ஒப்புதல் ஆன ஈபி-2 கையில் இருந்தால், ஈபி-1ஏ ஒப்புதல் ஆன நாளிலேயே உங்கள் தேதி கரண்டாக இருக்கக்கூடும். அந்த நிறுவனத்தை விட்டு விலகியிருந்தாலும், அவர்கள் மனுவைத் திரும்பப் பெற்றிருந்தாலும் தேதி பொதுவாக உங்களுடையதே. மோசடி, பொய்த் தகவல், லேபர் சான்று ரத்து, அல்லது ஒப்புதலே பெரும் தவறு என்று ரத்தான மனுவாக இருந்தால்தான் தேதி போகும். பழைய ஐ-797 ஒப்புதல் அறிவிப்பின் நகலைத் தேடி எடுங்கள். பழைய நிறுவனம் தரவில்லை என்றால் குடியேற்ற மனுக்களைக் கவனிக்கும் யுஎஸ்சிஐஎஸ்-இடம் எஃப்ஓஐஏ (தகவல் அறியும் சட்டம்) வழியாக உங்கள் கோப்பைக் கேட்கலாம். அது வர நாளாகும் என்பதால் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

பழைய தேதி இல்லாவிட்டாலும் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். மனு யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போன நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட். ஐ-140 ஒப்புதல் ஆகி, விசா எண்ணுக்காகக் காத்திருப்பவர்களுக்கு எச்-1பி ஆறாண்டு வரம்பைத் தாண்டி மூன்று மூன்று ஆண்டாக நீட்டிப்புக் கிடைக்கும். எச்-4-இல் இருக்கும் துணைவருக்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் வரும்.

இன்னொரு எச்சரிக்கை எஃப்-1 (மாணவர்), பி-1/பி-2 (வணிகப் பயணம், சுற்றுலா) விசாக்காரர்களுக்கு. ஐ-140 போட்டாலே குடியேறும் எண்ணம் பதிவாகிவிடுகிறது. அடுத்த விசா விண்ணப்பத்தில் குடியேற்ற மனு போடப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், அதனால் விசா மறுக்கப்படலாம். ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை) செய்யும் திட்டம் இருந்தால் எது முதலில் என்று முடிவெடுத்துவிட்டு மனு போடுங்கள். ஜே-1 பரிமாற்ற விசாவில் வந்து இரண்டாண்டு நாடு திரும்பும் நிபந்தனை உள்ளவர்கள் ஐ-140 போடலாம். ஆனால் அந்த நிபந்தனை தீராமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

2. பத்தில் எந்த மூன்று

உலக அளவிலான மாபெரும் பரிசு ஒன்று இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்குப் பத்துத் தகுதிகள்: தேசிய அல்லது சர்வதேச அங்கீகாரம் பெற்ற விருதுகள், சாதனையை அளவுகோலாக வைத்துச் சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினர், உங்களைப் பற்றித் தொழில்முறை இதழ்களிலோ பெரிய ஊடகங்களிலோ வந்த கட்டுரைகள், மற்றவர்களின் பணியை மதிப்பிட்டது, துறைக்குப் பெரும் முக்கியத்துவமுள்ள சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், கலைக் கண்காட்சிகளில் படைப்புகள் இடம்பெற்றது, பெயர்பெற்ற அமைப்புகளில் தலைமை அல்லது இன்றியமையாத பொறுப்பு, துறையில் மற்றவர்களைவிட உயர்ந்த சம்பளம், நிகழ்த்துகலைகளில் வணிக வெற்றி.

குறைந்தது மூன்று வேண்டும். ஆனால் ஏழெட்டைக் கோருவது தவறான உத்தி. பலவீனமான ஒன்றைச் சேர்த்தால் அதிகாரி அதைப் பிய்த்துப் போடும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல சான்றின்மீதும் சந்தேகம் விழும். பலமான நான்கு அல்லது ஐந்து போதும். ஒன்று விழுந்தாலும் மூன்று மிஞ்ச வேண்டும் என்பதே கணக்கு.

ஆராய்ச்சியாளர்களுக்கு மதிப்பீடு, கட்டுரைகள், சொந்தப் பங்களிப்பு ஆகிய மூன்றும் இயல்பாக அமையும். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இன்றியமையாத பொறுப்பு, உயர் சம்பளம், சொந்தப் பங்களிப்பு, மதிப்பீடு. இசை, நடனக் கலைஞர்களுக்கு விருது, ஊடகக் கட்டுரை, பெயர்பெற்ற அமைப்புகளில் முதன்மைப் பொறுப்பு.

3. சான்று சேர்க்கும்போது

உங்கள் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் துறை தெரியாது. ஆகவே ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதி வையுங்கள்: "யாரோடு ஒப்பிட்டு?" 400 மேற்கோள்கள் என்றால் அதிகமா, குறைவா? சிறந்த கட்டுரைக்கான விருது என்றால் எத்தனை பேரில்? இதற்குக் காகிதத்தில் பதில் இல்லாத சான்று கோப்பைத் தடிமனாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

விருது. விருதுச் சான்றிதழ் மட்டும் போதாது. தேர்வு விதிகள், நடுவர்கள் யார், எத்தனை பேர் போட்டியிட்டார்கள், முன்பு வாங்கியவர்கள் யார், விருது பற்றி வெளியே வந்த செய்தி ஆகியவை வேண்டும். சட்டம் கேட்பது தேசிய அல்லது சர்வதேச அங்கீகாரம். கலைமாமணி தமிழ்நாடு அரசு தருவது. அதை வைத்தால், மாநிலத்துக்கு வெளியேயும் அது மதிக்கப்படுகிறது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். சங்கீத நாடக அகாதெமியின் விருதுகளுக்கும் உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருதுக்கும் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவை என்ன என்பதை அமெரிக்க அதிகாரிக்கு விளக்கும் ஆவணம் கட்டாயம். நிறுவனத்துக்குள் கிடைத்த 'ஆண்டின் சிறந்த ஊழியர்' வகையறா இந்தத் தகுதிக்கு உதவாது.

உறுப்பினர். சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்ளும் சங்கம் கணக்கில் வராது. சாதனைதான் நிபந்தனை என்றும், அதை முடிவு செய்பவர்கள் அத்துறையின் அறியப்பட்ட வல்லுநர்கள் என்றும் சங்கத்தின் விதிநூலிலேயே இருக்க வேண்டும். ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் சங்கம்) ஃபெலோ என்றால் இது பொருந்தும். சீனியர் மெம்பர் என்பதை மட்டும் நம்பி இந்தத் தகுதியைக் கோருவது ஆபத்து.

ஊடகக் கட்டுரை. கட்டுரை உங்களையும் உங்கள் பணியையும் பற்றியதாக இருக்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவராக ஒரு வரி வந்தது உதவாது. தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றையும் விதி கேட்கிறது. நம் தமிழ் நாளிதழ்களில் இங்கேதான் சிக்கல், ஏனென்றால் பாதிக் கட்டுரைகள் 'நமது நிருபர்' என்றே வரும். எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு இதழின் ஆசிரியர் குழுவிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். விற்பனை எண்ணிக்கைக்கு இந்தியாவின் ஏபிசி தணிக்கைச் சான்று நல்ல ஆதாரம்.

மதிப்பீடு. அழைப்பு மின்னஞ்சல் சான்றாகாது. நீங்கள் உண்மையிலேயே மதிப்பிட்டு முடித்தீர்கள் என்று காட்டுங்கள்: இதழாசிரியரின் நன்றி மின்னஞ்சல், மதிப்பீட்டு எண்ணிக்கையோடு இதழின் உறுதிக் கடிதம், மாநாட்டுக் குழுப் பட்டியலில் உங்கள் பெயர். மனுவுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் இருபது மதிப்பீடு என்றால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று எவருக்கும் புரிந்துவிடும்.

சொந்தப் பங்களிப்பு. அதிகமான மனுக்கள் தடுமாறும் இடம் இது. காப்புரிமை கிடைத்தது, கட்டுரை வெளியானது என்பவை 'சொந்தம்' என்பதைக் காட்டும், 'பெரும் முக்கியத்துவம்' என்பதைக் காட்டாது. உங்கள் வேலையால் மற்றவர்கள் தங்கள் வேலையை எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பதே அதிகாரி தேடுவது. காப்புரிமை என்றால் உரிம ஒப்பந்தம், விற்பனையில் உள்ள பொருள். கட்டுரை என்றால், உங்கள் முறையைப் பின்பற்றிய வேறு குழுக்களின் கட்டுரையில் அந்தப் பத்தியையே மஞ்சள் தீட்டி இணையுங்கள். வெறும் பட்டியலில் ஒன்றாக மேற்கோள் காட்டிய ஐம்பதைவிட "இந்த முறையையே நாங்கள் பயன்படுத்தினோம்" என்று எழுதிய ஐந்து பெரிது. மொத்த மேற்கோள் எண்ணைக் கொடுக்கும்போது கிளாரிவேட் நிறுவனத்தின் துறைவாரி, ஆண்டுவாரிச் சதமான அட்டவணையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். திறந்த மூல மென்பொருள் என்றால் எத்தனை நிறுவனங்கள் அதை உற்பத்தியில் ஓட்டுகின்றன என்பதற்கு அவர்களின் கடிதம்.

இன்றியமையாத பொறுப்பு. பதவிப் பெயரை மட்டும் வைத்து இதை நிரூபிக்க முடியாது. இரண்டு பாதியையும் தனித்தனியாகக் காட்டுங்கள்: அமைப்பு பெயர்பெற்றது, அதன் வெற்றியில் உங்கள் வேலை தீர்மானமானது. மேலதிகாரியின் கடிதத்தில் திட்டத்தின் பெயர், வருமானம் அல்லது பயனர் எண்ணிக்கை, நீங்கள் எடுத்த முடிவு, அமைப்பு வரைபடத்தில் உங்கள் இடம் எல்லாம் இருக்கட்டும். ஸ்டார்ட்அப் என்றால் அது பெற்ற முதலீட்டின் அளவும் அமைப்பின் மதிப்புக்குச் சான்றாக ஏற்கப்படுகிறது.

சம்பளம். அமெரிக்க வேலை என்றால் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), ஆர்எஸ்யூ (சம்பளத்தோடு தரும் நிறுவனப் பங்கு) விவரம், தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் அதே தொழில், அதே ஊர் ஊதிய அட்டவணை. இந்திய வேலை என்றால் படிவம் 16, வருமான வரிக் கணக்கு, இந்தியச் சந்தையின் ஊதிய ஆய்வு. இந்தியச் சம்பளத்தை டாலருக்கு மாற்றி அமெரிக்கரோடு ஒப்பிட வேண்டியதில்லை. வேலை பார்த்த நாட்டின் அளவுகோலே பொருந்தும் என்று யுஎஸ்சிஐஎஸ் கொள்கைக் கையேடே சொல்கிறது. ஒப்பிடும்போது தொழிலையும் சரியாகப் பொருத்துங்கள். மேலாளர் சம்பளத்தைச் சாதாரணப் பொறியாளர் சராசரியோடு ஒப்பிட்டால் அது உடனே தெரிந்துவிடும்.

4. விலைக்கு வரும் தகுதிகளைத் தொடாதீர்கள்

பணம் கட்டினால் விருது, நடுவர் வாய்ப்பு, 'ஃபெலோ' பட்டம், உங்களைப் பற்றி ஒரு கட்டுரை, மூன்று ஆய்வுக் கட்டுரையில் இணை ஆசிரியர் பெயர் என்று பொட்டலமாக விற்பவர்கள் நம்மவர்களைக் குறிவைத்தே வருகிறார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. மனு நிராகரிப்பு மட்டுமாக அது முடியாது. தெரிந்தே பொய்ச் சான்று தந்தார் என்ற முடிவுக்கு அதிகாரி வந்தால் அது அமெரிக்காவுக்குள் நுழையவே ஆயுள் தடையாகும். பிறகு எந்த விசாவுக்குப் போனாலும் அது குறுக்கே நிற்கும். பலவீனமான நேர்மையான மனுவை அடுத்த ஆண்டு வலுப்படுத்தி மறுபடி போடலாம். இதை அப்படித் திருத்த முடியாது. யாராவது "கியாரண்டி" என்ற சொல்லை உச்சரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. பரிந்துரைக் கடிதங்கள்

ஐந்து முதல் ஏழு கடிதங்கள் போதும். அவற்றில் பாதிக்கு மேல் உங்களோடு வேலை பார்க்காதவர்கள், உங்கள் வழிகாட்டியாக இல்லாதவர்கள் எழுதியதாக இருக்க வேண்டும். உங்கள் பணியைப் படித்து அல்லது பயன்படுத்தி உங்களை அறிந்தவரின் கடிதத்துக்குத்தான் அதிக எடை. உங்களை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலை எடுத்து நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பேர் சம்மதிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே ஆறு வாரம் போகும்.

நல்ல கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கும்: எழுதுபவர் யார், உங்களை எப்படித் தெரியும், நீங்கள் செய்தது என்ன, அதனால் துறையில் என்ன மாறியது. "மிகவும் திறமையானவர், கடின உழைப்பாளி" என்பது வேலை சிபாரிசுக்கு ஆகும், இங்கே வீண். பலர் வரைவை நீங்களே அனுப்பச் சொல்வார்கள். அப்போது ஒரே வார்ப்பில் ஐந்து கடிதம் தயாரிப்பதுதான் பெரிய பொறி. ஒரே சொற்றொடர் இரண்டு கடிதத்தில் வந்தாலே மற்ற எல்லாமும் நம்பகம் இழக்கும். ஒவ்வொருவரும் உங்கள் பணியில் வேறொரு பகுதியைப் பேசட்டும்; அவர்களே திருத்தி, அவர்கள் நடையில் எழுதட்டும். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் கோப்பில் வேறொரு ஆவணம் துணை நிற்க வேண்டும்.

6. முகப்புக் கடிதமும் இறுதி மதிப்பீடும்

2010-இல் கசாரியன் வழக்கில் வந்த தீர்ப்பிலிருந்து அதிகாரிகள் இரண்டு படியாகப் பார்க்கிறார்கள். முதல் படியில் மூன்று தகுதி நிறைவேறியதா என்ற எண்ணிக்கை. இரண்டாம் படி இறுதி மதிப்பீடு: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இவர் உண்மையிலேயே துறையின் உச்சியில் இருக்கிறாரா, அந்தப் புகழ் நீடித்திருக்கிறதா? ஐந்து தகுதியை ஏற்றுக்கொண்டு, இரண்டாம் படியில் நிராகரித்த முடிவுகள் ஏராளம். வேண்டிய நிரூபண அளவு "உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்பதுதான். கிரிமினல் வழக்கு அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆகவே மனுவோடு வைக்கும் 15 முதல் 25 பக்க முகப்புக் கடிதத்தில் கடைசி நான்கைந்து பக்கத்தை இரண்டாம் படிக்கே ஒதுக்குங்கள். உங்கள் துறையைச் சரியாக வரையறுப்பது அங்கே பாதி வேலை. 'கணினி அறிவியல்' என்று சொன்னால் உலகமே போட்டி. 'இந்திய மொழிகளுக்கான பேச்சறிதல்' என்றால் உங்கள் இடம் தெரியும். அதற்காக மூன்று பேர் மட்டும் இருக்கும் அளவுக்குக் குறுக்கினாலும் நம்பமாட்டார்கள். பத்தாண்டுக்கு முன் செய்த ஒரே சாதனையை மட்டும் வைத்தால் 'நீடித்த புகழ்' என்ற சொல்லில் விழுவீர்கள். கடந்த மூன்றாண்டில் நடந்ததையும் காட்டுங்கள்.

அமெரிக்காவில் அதே துறையில் தொடர்வீர்கள் என்பதற்கும் தெளிவான சான்று வேண்டும். வேலை உத்தரவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒப்பந்தங்கள், ஒத்துழைப்புக் கடிதங்கள், அல்லது என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட இரண்டு மூன்று பக்க விவரம். விளையாட்டு வீரராகப் புகழ் பெற்றுப் பயிற்சியாளராக மாறப்போகிறவர்கள், பயிற்சியாளராகவும் சாதித்தது என்ன என்பதைக் காட்டாவிட்டால் இந்த இடத்தில் மாட்டுவார்கள்.

7. பெயர், மொழிபெயர்ப்பு, பிறப்புச் சான்றிதழ்

இன்ஷியல் வைத்துப் பெயர் எழுதும் நமக்கே உரிய தொல்லை இது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப் பெயர் இடம் காலி, அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது), கட்டுரைகளில் 'எஸ். செந்தில்குமார்', விருதில் 'செந்தில்குமார் சுப்பையா'. அதிகாரி பார்வையில் இது மூன்று ஆட்கள். எல்லா வடிவங்களும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, அதை முதல் இணைப்பாக வையுங்கள். முகப்புக் கடிதத்தின் முதல் பக்கத்திலும் ஒரு வரி சொல்லுங்கள்.

தமிழில் உள்ள எல்லா ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சுருக்கம் செல்லாது. மொழிபெயர்த்தவர் இரு மொழியும் தெரிந்தவர், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். நோட்டரி தேவையில்லை. நண்பர் செய்யலாம், நீங்களே செய்யாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ் பின்னால்தான் தேவைப்படும். ஆனாலும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கும். பிறப்பு பதிவான நகராட்சி, மாநகராட்சி அல்லது பேரூராட்சியில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவே இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றும், உங்கள் பிறப்பை நேரில் அறிந்த இரண்டு பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். வீட்டில் மூத்தவர்கள் நலமாக இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள்.

8. படிவம், பணம், பார்சல்

படிவம் ஐ-140. சுயமனுதாரர் என்பதால் மனுதாரரும் நீங்களே, பயனாளியும் நீங்களே. படிவத்தின் கீழே உள்ள பதிப்புத் தேதியை அனுப்பும் வாரம் ஒருமுறை சரிபாருங்கள். பழைய பதிப்பென்றால் பார்க்காமலே திருப்பிவிடுவார்கள்.

கட்டணம்: ஐ-140-க்கு 715 டாலர். அதோடு அசைலம் புரோகிராம் கட்டணம். பெரிய நிறுவனத்துக்கு 600, சுயமனுதாரருக்கு 300. ஊழியர் எண்ணிக்கை 25 அல்லது குறைவா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தால்தான் 300 பொருந்தும். ஆக 1,015 டாலர். இரண்டையும் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். ஒரே தொகையாகச் சேர்த்து அனுப்பியதால் திரும்பி வந்த பார்சல்கள் உண்டு. 2025 அக்டோபர் 28 முதல் காகிதக் காசோலையை வாங்குவதில்லை. கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650, ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒவ்வொரு படிவம். கார்டு வரம்பு போதுமா என்று பார்த்து, வங்கிக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விரைவு வழி வேண்டுமென்றால் ஐ-907, பிரீமியம் ப்ராசஸிங். 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர். ஈபி-1ஏ-வுக்கு 15 வேலை நாளில் ஒரு பதில் வரும். கவனியுங்கள், பதில்தான், ஒப்புதல் என்று அவசியமில்லை, கூடுதல் சான்று கேட்டாலும் அது பதில்தான். முதலில் சாதாரண வழியில் போட்டுவிட்டுப் பின்னர் பிரீமியத்துக்கு மாறலாம். பெற்றோரோடு சேர்ந்து கிரீன் கார்டு பெறும் வயது வரம்பான 21-ஐ நெருங்கும் பிள்ளை இருந்தால் பிரீமியம் கட்டும் முன் யோசியுங்கள்: பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்கும் சட்டம் ஒன்று உண்டு. மூன்று வாரத்தில் முடிந்தால் கழிக்க மூன்று வாரம்தான் கிடைக்கும்.

வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். பல ஆயிரம் டாலர் ஆகும். வைத்தாலும் சான்று சேர்ப்பதும் துறையை விளக்குவதும் உங்கள் வேலையாகத்தான் இருக்கும். சட்டப் பின்னணியில் சிக்கல் உள்ளவர்கள், முன்பு விசா மறுக்கப்பட்டவர்கள் கட்டாயம் வையுங்கள்.

பார்சல்: ஒரு பக்க அச்சு, நகல்கள் மட்டும். ஸ்டேப்ளர், ஸ்பைரல், ஓட்டை போட்ட ஃபைல் வேண்டாம். எல்லாவற்றையும் பிரித்து ஸ்கேன் செய்கிறார்கள். வண்ணப் பிரிப்பான்கள் ஸ்கேனில் காணாமல் போவதால் ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் எண் எழுதிய ஒரு தாளும், எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண்ணும் போடுங்கள். கையெழுத்து விடுபட்டதா என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. கூடுதல் சான்று கேட்டால்

ஆர்.எஃப்.இ. (கூடுதல் சான்று கேட்கும் கடிதம்) என்றால் கலங்க வேண்டாம். அதிகபட்சம் 84 நாள் தருவார்கள், தபாலில் வந்தால் மூன்று நாள் சேரும். பதில் ஒரே தடவை, ஒரே பொட்டலம். பிறகு இன்னொன்று அனுப்புகிறேன் என்பது நடக்காது. நிராகரிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால் 30 நாள்தான்.

கடிதத்தை வரி வரியாகப் படித்து, எந்தத் தகுதியை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அட்டவணை போடுங்கள். சில கடிதங்கள் பொதுவான அச்சு வாசகமாக இருக்கும். அப்படியானால் எந்தப் பக்கத்தில் எந்தச் சான்று ஏற்கெனவே இருக்கிறது என்று பக்க எண்ணோடு சுட்டிக்காட்டுங்கள். மனு போட்ட நாளுக்குப் பின் கிடைத்த விருதோ கட்டுரையோ தகுதியை நிரூபிக்க உதவாது. அன்றைக்கே தகுதி இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அன்று இருந்ததை விளக்கும் புதுக் கடிதம் செல்லும்.

நிராகரித்தால் ஐ-290பி மேல்முறையீட்டுக்கு 30 நாள், தபாலில் முடிவு வந்தால் 33, கட்டணம் 800 டாலர். சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் மேல்முறையீடு. சான்று போதவில்லை என்றால் அதை வலுப்படுத்திப் புதிதாக மனு போடுவதே பெரும்பாலும் வேகமானது. மறுபடி போடத் தடை இல்லை. ஆனால் பழைய மனுவைப் படிவத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

10. ஒப்புதலுக்குப் பின்

அமெரிக்காவுக்குள் இருந்து, தேதி கரண்டாக இருந்தால் ஐ-485 (உள்ளிருந்தே கிரீன் கார்டுக்கு மாறும் விண்ணப்பம்). மனு போடும்போதே கரண்டாக இருந்தால் ஐ-140-யோடு சேர்த்தே அனுப்பலாம். புல்லட்டினில் உள்ள இரண்டு தேதி அட்டவணையில் (இறுதித் தேதி, விண்ணப்பிக்கும் தேதி) எதை அந்த மாதம் ஏற்கிறது என்பதை யுஎஸ்சிஐஎஸ் தன் தளத்தில் சொல்லும். புல்லட்டினை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். ஆளுக்கு 1,440 டாலர், பெற்றோரோடு சேர்ந்து போடும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 950. இரண்டு சிறு பிள்ளைகளோடு நால்வர் குடும்பம் என்றால் 4,780. வேலை அனுமதி ஐ-765-க்கு 260, பயண அனுமதி ஐ-131-க்கு 630 தனி.

மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஐ-693-ஐ ஐ-485-யோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சிவில் சர்ஜன் மட்டுமே கையெழுத்திடலாம். உறையைப் பிரிக்காதீர்கள். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை ஊரில் கிடைத்தால் நகல் வாங்கிவையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஊசி போடச் செலவாகும்.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது பயண அனுமதி கையில் வராமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்ற விசா), அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஊரில் கல்யாணம், காரியம் என்று அவசரமாகக் கிளம்பி இதில் சிக்குகிறார்கள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவியுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தூதரக வழி: டிஎஸ்-260 படிவத்துக்கு ஆளுக்கு 345 டாலர், போலீஸ் சான்று (இந்தியர்கள் பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கலாம்), மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். விசா கிடைத்தபின் கிரீன் கார்டு அச்சிட 235 டாலர்.

கார்டு வந்த அன்றே பெயர், பிறந்த தேதி, பிரிவுக் குறியீடு மூன்றையும் பாருங்கள். அமெரிக்காவுக்குள் மாறியவர்களுக்கு ஈ16, விசாவில் நுழைந்தவர்களுக்கு ஈ11 என்று இருக்க வேண்டும். பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறி அச்சாகியிருந்தால், தவறு அவர்களுடையது என்ற காரணத்தைக் குறித்து ஐ-90 அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.